பெரிய யோசனைகளைத் தேடும் சிறிய கடைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெள்ளவத்தையில் அப்பாவுடன் சேர்ந்து சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். மாதமொருமுறை, கடை பூட்டிய பிறகு, வேலையாட்களை இருத்தி வியாபாரத்தைப் பெருப்பிக்க யோசனை கேட்கிறோம். அப்பா பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இதை எப்படி மாற்றலாம்?

பதில்: உங்கள் வேலையாட்களிடம் யோசனைகள் நிச்சயமாக இருக்கின்றன. முதலாளி ஒரு கருத்தைச் சொன்ன பிறகு வேறொன்றைச் சொல்ல அவர்களுக்கு மனம் வராது, அவ்வளவுதான். பலர் கூடியிருந்து யோசனைகளைக் கொட்டும் ‘சிந்தனைக் கிளறல்’ என்ற முறையைப் பரப்பிய அமெரிக்க விளம்பரத் துறையாளர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் நான்கு விதிகளை வகுத்தார்: எந்த யோசனையையும் அந்த இடத்திலேயே குறை சொல்லக் கூடாது, நடக்காதது போலத் தோன்றுவதையும் வரவேற்க வேண்டும், எண்ணிக்கை கூடக்கூட நல்லது, ஒருவர் சொன்னதை மற்றவர் வளர்த்தெடுக்கலாம். ஆனால் இவ்விதிகளைக் கடைப்பிடித்தாலும் ஒரு சிக்கல் எஞ்சும். நால்வர் கூடியிருந்து பேசியபோது கிடைத்த யோசனைகளைவிட, அதே எண்ணிக்கையானோர் தனித்தனியே இருந்து சிந்தித்தவற்றைச் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தன என்று யேல் பல்கலைக்கழக ஆய்வொன்று 1958 இல் காட்டியது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதே இதற்கு முக்கிய காரணம் என்று 1987 இல் டீல், ஸ்ட்ரோப என்ற இரு உளவியலாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஆகவே பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் தொடங்குங்கள். ஜெர்மனியரான பேர்ண்ட் ரோர்பாக் 1960களின் இறுதியில் வகுத்த முறைப்படி, ஆறு பேர் ஆளுக்கு மூன்று யோசனைகளை ஐந்து நிமிடத்தில் எழுதி, தாளைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை வாசித்துவிட்டு மேலும் மூன்றைச் சேர்ப்பார். ஆறு சுற்றில், அரை மணித்தியாலத்தில், 108 யோசனைகள் சேர்ந்துவிடும். சிங்களத்தில் எழுதுபவர் அப்படியே எழுதட்டும். எழுத வராதவருக்கு ஒருவர் கேட்டு எழுதிக் கொடுக்கட்டும். அப்பா கடைசியாகப் பேசட்டும். இப்படி எழுதிப் பார்த்த ஒரு கடையில், காசு வாங்கும் இளைஞர் பில்லின் பின்பக்கத்தில் எழுதிய வரி இன்னும் என் மனதில் நிற்கிறது: “பஸ்ஸால் இறங்கும் அலுவலக அக்காமார் ஆறரைக்கு இடியப்பம் கேட்கிறார்கள், நம்மிடம் ஏழரைக்குத்தான் வருகிறது.” அந்த ஒரு மணித்தியாலம் எத்தனையோ நாளாக முதலாளியின் கண்ணில் படவேயில்லை.

கேள்வி: புறக்கோட்டை கெய்சர் வீதியில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். துணிந்து ஓர் உணவகம் தொடங்கலாமா?

பதில்: முகாமைத்துவ அறிஞர் இகோர் அன்சொஃப் 1957 இல் வளர்ச்சிக்கு நான்கு வழிகளை வகுத்துக் காட்டினார்: இருக்கும் பொருளை இருக்கும் வாடிக்கையாளருக்கே கூடுதலாக விற்பது, அதே பொருளைப் புதிய வாடிக்கையாளரிடம் கொண்டுசெல்வது, பழைய வாடிக்கையாளருக்குப் புதிய பொருள் கொடுப்பது, பொருளும் வாடிக்கையாளரும் இரண்டுமே புதிதாக இருப்பது. உங்கள் உணவகம் நான்காவது வகையைச் சேரும். நான்கிலும் ஆபத்துக் கூடியது அதுதான். என் அபிப்பிராயம், இப்போது வேண்டாம் என்பதே. திருமண வீட்டுக்காரர் உங்களிடம் சேலை வாங்கிவிட்டு, சட்டை தைக்க வேறெங்கோ போகிறார்களே, அந்தத் தையலை உங்கள் கூரையின் கீழ் கொண்டுவருவதும் பெரிய யோசனைதான்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து கறித்தூளும் இட்லிப்பொடியும் செய்து விற்கிறேன். கனடாவுக்கு அனுப்பும் ஆசை பெரிதாகத் தெரிகிறதா?

பதில்: ஆசை அளவானதுதான், ஆயத்தம்தான் கூட வேண்டும். கனடாவில் பொதி செய்யப்பட்ட உணவின் லேபிளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்க வேண்டும். எள்ளும் கடுகும் அங்கே ஒவ்வாமைப் பொருட்களாகக் கட்டாயம் குறிப்பிடப்பட வேண்டியவை. இட்லிப்பொடியில் எள் சேர்ப்பவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் முதலில் விசாரியுங்கள். அதன் பிறகு ரொறொன்ரோவில் ஒரேயொரு கடைக்காரரைப் பிடித்து, ஒரு சிறு தொகையை மட்டும் அனுப்பி, அது எத்தனை கிழமையில் விற்றுத் தீர்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: நாற்பது யோசனைகள் சேர்ந்துவிட்டன. எதை எடுப்பது?

பதில்: பரீட்சித்துப் பார்க்க ஆகும் செலவை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுங்கள், ஒரு மாத இலாபத்துக்குள் பரீட்சிக்கக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உளவியலாளர் கேரி க்ளைன் சொன்ன முறையைச் செய்யுங்கள்: எஞ்சிய ஒவ்வொன்றையும் எடுத்து, ஒரு வருடம் கழிந்து அந்த முயற்சி அடியோடு தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று வீட்டாரும் வேலையாட்களும் தனித்தனியே எழுத வேண்டும். வாடகை கூடியது, சமையற்காரர் வெளிநாடு போனார், கடனுக்குக் கொடுத்த காசு திரும்பவில்லை என்று மூன்று நான்கு காரணங்கள் மீண்டும் மீண்டும் வரும். அவற்றுக்கு இன்றே வழி தெரிகிற யோசனையை எடுங்கள். மிச்சத்தை ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.