பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அடிப்பதை வீடியோ எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பள்ளிப் பேருந்தில் போகிறாள். ஏறத் தாமதமானால் ஓட்டுநர் பிள்ளைகளின் காதைத் திருகுகிறார், தலையில் குட்டுகிறார். நிறுத்தத்தில் நின்று போனில் எடுத்தால் என் மேல் வழக்கு வருமா? கணவர் துபாயில் இருக்கிறார், தனியாகப் பயமாக இருக்கிறது.

வழக்கறிஞர் பதில்: வழக்கு வராது சகோதரி, எடுங்கள். பொதுச்சாலையில் கண்ணெதிரே நடப்பதைப் படம் பிடிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. "அனுமதி இல்லாமல் எடுத்தால் போலீஸில் கொடுப்போம்" என்று பள்ளி சொன்னால் அது வெறும் மிரட்டல். பேருந்துக்குள் ஏறி எடுக்காதீர்கள். மகளின் பையில் போனை ஒளித்து அனுப்புவதும் வேண்டாம். கண்டுபிடித்தால் அடி வாங்கப்போவது அவள்தான்.

வீடியோ எடுத்த போனிலேயே, வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் தரம் குறையும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும்.

பெற்றோர் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "முகத்தை மறைத்துவிட்டேனே" என்று பலர் கேட்கிறார்கள். முகம் மட்டும் அடையாளம் இல்லை. பெயர், முகவரி, படிக்கும் பள்ளி எல்லாமே அதில் அடங்கும். மஞ்சள் வண்டியின் பக்கவாட்டில் பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, பிள்ளை கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. எதை மறைப்பீர்கள்? போலீஸிடமோ குழந்தைகள் நலக் குழுவிடமோ கொடுப்பதில் இந்தச் சிக்கல் கிடையாது.

வீடியோ வெளியே கசிந்தால் இன்னொரு கூட்டம் தேடி வரும். காரில் 'பிரஸ்' ஸ்டிக்கர், சட்டைப்பையில் மனித உரிமை அட்டை. "எனக்கு அனுப்புங்கம்மா, ஒரே நாளில் முடிச்சுத் தர்றேன்" என்பார்கள். அதே வீடியோவைத் தாளாளரிடம் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஓட்டுநர் மறுநாளும் அதே வண்டியில் வருவார். "சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்று இல்லாமல் வீடியோ செல்லாது, நான் வாங்கித் தருகிறேன்" என்று ஸ்டேஷன் வாசலில் பணம் கேட்பவரையும் நம்பாதீர்கள். அந்தச் சான்று நீதிமன்றத்தில் வீடியோவைச் சாட்சியமாக வைக்கும்போது தேவைப்படுவது. புகார் கொடுக்க அது வேண்டியதில்லை.

முதலில் 1098-க்குப் பேசுங்கள், இலவசம். அப்புறம் தேதி, நேரம், வண்டி எண் எழுதி ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள். "இதில் நாங்களாக வழக்குப் போட முடியாது" என்று போலீஸ் சொல்லக்கூடும். குழந்தையைக் கொடுமை செய்வதற்கு இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அப்படி ஒரு குற்றத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்கு அந்தச் சட்டத்தின் 2021 திருத்தம் தள்ளிவிட்டது. பிள்ளையை அடித்தவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்க, தாய் அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள். இதை எப்படிப் பொறுப்பது? அதனால்தான் புகாரின் நகலை அன்றைக்கே மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் கொடுங்கள் என்கிறேன். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு போடுங்கள்.

ஓட்டுநர் தவறான இடத்தில் தொட்டதாக மகள் ஒரு வார்த்தை சொன்னாலும் வீடியோவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அது போக்சோ வழக்கு, போலீஸ் பதிந்தே ஆகவேண்டும். அன்றைக்கே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.