ஐஸ்லாந்து எப்படிப்பட்ட நாடு? அங்குள்ள மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

பெயரைப் பார்த்துப் பனியிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் பனிப்பாறை மூடியிருப்பது நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஐஸ்லாந்தைப் புரிந்துகொள்ள வெந்நீர்க் குழாயிலிருந்து தொடங்குவதே சரி. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1,03,000 சதுர கிலோமீட்டர் நாட்டில் மொத்த மக்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தலைநகர் ரெய்க்யவிக்கிலும் அதைச் சுற்றியும் வசிக்கிறார்கள். நாட்டின் நடுப்பகுதியில் குடியிருப்பே கிடையாது. ரயில் இல்லை, ராணுவமும் இல்லை (ஆனாலும் 1949-இல் நேட்டோ ராணுவக் கூட்டணியைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று).

வீடுகளில் பத்தில் ஒன்பது பூமிக்கடியிலிருந்து வரும் சூட்டில்தான் கதகதப்பாகின்றன. 1930-இல் ரெய்க்யவிக்கின் துணி துவைக்கும் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து ஒரு பள்ளிக்குக் குழாய் போட்டார்கள். அதுதான் ஆரம்பம். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் மற்ற ஊர்களும் வேகமாக மாறின. இன்று நெஸ்யவெட்லிர் என்ற புவிவெப்ப நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர் குழாயில் 80 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் தலைநகருக்கு வருகிறது. வழியில் இழப்பது இரண்டு டிகிரி அளவுதான்.

பூமியிலிருந்து வரும் நீரை அப்படியே குழாயில் விடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. நகருக்குள் உள்ள ஆழ்குழாய்க் கிணறுகளின் நீரை நேரடியாக விடலாம். நெஸ்யவெட்லிர் போன்ற அதிவெப்பப் பகுதியின் நீரில் தாதுக்களும் வாயுக்களும் மிக அதிகம், குழாய் அடைத்துக்கொள்ளும், அரிக்கும். அதனால் அந்தச் சூட்டைக் கொண்டு சாதாரண நிலத்தடி நீரைச் சூடாக்கி, அதிலுள்ள ஆக்ஸிஜனை நீக்கி அனுப்புகிறார்கள். இந்த இரண்டு வகை நீரையும் கலந்தபோது மக்னீசியம் சிலிகேட் படிந்து குழாய்களை அடைத்தது. அதற்காக நகரையே இரண்டு வினியோகப் பகுதிகளாகப் பிரித்தார்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் ஓடி வெளியே வரும் நீர் இன்னும் 35 டிகிரி அளவில் இருக்கும். அதையும் வீணாக்காமல் பல நடைபாதைகளுக்கு அடியில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு இதில் மூன்று விஷயங்கள். வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அந்த அளவில் உடம்புக்குக் கெடுதல் இல்லை. வெள்ளி நகை அதில் பட்டால் கறுத்துவிடும், குளிக்குமுன் கழற்றி வையுங்கள். குடிக்கவும் டீ போடவும் குளிர்ந்த நீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். அது குளோரின் கலக்காத ஊற்று நீர், நன்றாகச் சில்லென்று வரும்வரை கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தால் போதும். கடையில் பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண் செலவு.

ஊர்க் கதை பேசும் இடம் என்று ஒன்று அங்கே உண்டென்றால் அது நீச்சல் குளம்தான். சின்ன ஊரில்கூட ஒன்று இருக்கும், பெரும்பாலும் திறந்தவெளியில். குளம் 29 டிகிரி அளவில் இருக்கும். பக்கத்திலேயே 38 முதல் 44 டிகிரி வரை சிறு வெந்நீர்த் தொட்டிகள். அமைச்சரும் மீன் தொழிலாளியும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். வெளிநாட்டவர் தடுமாறுவது குளியலறையில்தான். ஆண், பெண் தனித்தனி அறைகள் உண்டு. அங்கே உடை முழுவதையும் கழற்றிவிட்டு, தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் நீச்சலுடை. நீச்சலுடையோடு குளித்துவிட்டு நழுவ முடியாது, ஊழியர் திருப்பி அனுப்புவார். குளத்தில் குளோரினைக் குறைவாகவே சேர்ப்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. திரும்பும்போது உடை மாற்றும் அறைக்குள் நுழையும் முன்பே துவட்டிக்கொள்ள வேண்டும், தரையை ஈரமாக்கினால் முறைப்பார்கள்.

பெயர் விஷயம் தமிழர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் வரும். யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். விரும்பினால் அம்மா பெயரையும் வைக்கலாம். திருமணத்தால் பெயர் மாறாது. ஆகவே நால்வர் உள்ள குடும்பத்தில் நான்கு வேறு பின்பெயர்கள் இருக்கலாம். புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்வதை 1925-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். தொலைபேசிப் புத்தகம் முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது. மருத்துவர், ஆசிரியர், குடியரசுத் தலைவர் என யாரையும் முதல் பெயர் சொல்லியே கூப்பிடலாம். மின்னஞ்சலில் 'திரு. யோன்சன்' என்று எழுதினால் மரியாதையாகத் தோன்றாது, அந்நியமாகத்தான் தோன்றும். 1980-இல் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் என்ற பெண்ணைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் வாக்களித்து ஒரு பெண் நாட்டுத் தலைவரானது உலகிலேயே அதுதான் முதல் முறை. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1975 அக்டோபர் 24 அன்று, பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் அலுவலக வேலையும் வீட்டு வேலையும் செய்யாமல் நிறுத்திக் காட்டினார்கள். விக்டிஸின் வெற்றியை இந்த நாளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

பிழைப்பு? நெடுங்காலம் மீன். அதற்காகவே பிரிட்டனோடு மூன்று முறை 'காட் போர்' (காட் என்பது ஒரு கடல் மீன்) நடத்தி, பிரிட்டிஷ் படகுகளின் வலைகளை அறுத்து, 1976-இல் 200 கடல் மைல் எல்லையைப் பெற்றார்கள். இப்போது சுற்றுலாவும் அலுமினியமும் சேர்ந்துகொண்டன. 2008-இல் வங்கிகள் கவிழ்ந்த கதை தனிப் பதிலுக்கு உரியது.

நிலம் சும்மா இருக்காது. 1783-இல் லாக்கி எரிமலை வெடிப்பு கக்கிய நச்சுப் புகையில் புல்லும் ஆடுமாடும் அழிந்து, பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டார். 1973-இல் ஹேமாயி தீவில் கடல் நீரைப் பீய்ச்சி எரிமலைக் குழம்பை உறைய வைத்துத் துறைமுகத்தைக் காப்பாற்றினார்கள். 2023 நவம்பர் 10 இரவு எரிமலை அபாயத்தால் கிரிண்டவீக் ஊரையே காலி செய்தார்கள். 2024 பிப்ரவரியில் எரிமலைக் குழம்பு வெந்நீர்க் குழாயை அறுத்ததும் ரேக்யானஸ் தீபகற்பத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் கடுங்குளிரில் சூடின்றித் தவித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மின் ஹீட்டர் போட்டால் மின்கட்டமைப்பு தாங்காது என்பதால் அதையும் அளவாகவே பயன்படுத்தச் சொன்னார்கள். இத்தகைய நேரங்களில் ஓடி வரும் மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களுடைய முக்கிய வருமானம் புத்தாண்டு இரவுக்கு விற்கும் பட்டாசு!

சுற்றிப் பார்க்கப் போனால் எரிமலையை விடக் காற்றுக்குப் பயப்படுங்கள். வானிலை அறிக்கையில் காற்று வேகம் விநாடிக்கு மீட்டர் கணக்கில் இருக்கும், 3.6 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். 20 என்று போட்டிருந்தால் 72. அன்று உயரமான வேனை எடுக்காதீர்கள். காரைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தி, கதவைக் கையால் பிடித்தபடியே திறவுங்கள். பின்னாலிருந்து அடிக்கும் காற்று கதவைக் கீலோடு மடக்கிவிடும், வாடகைக் கார்க் காப்பீடு பெரும்பாலும் அதற்குப் பணம் தராது. நாட்டைச் சுற்றும் முதலாம் எண் சாலை சுமார் 1,320 கிலோமீட்டர், வேக வரம்பு தார்ச்சாலையில் 90, சரளையில் 80. தாரிலிருந்து சரளைக்கு மாறும் இடத்தில் வேகத்தைக் குறைக்காததால் கார் சறுக்கிக் கவிழ்வது வழக்கமான விபத்து. எஃப் என்று தொடங்கும் மலைச்சாலைகளுக்கு நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம், அவை கோடையில் மட்டுமே திறந்திருக்கும். பாதையை விட்டு இறங்கி ஓட்டுவது குற்றம். பாசியில் விழும் சக்கரத் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால்: ஐஸ்லாந்து ஷெங்கனில் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஏற்பாடு) இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இந்தியர், இலங்கையருக்குப் பொதுவாக முதலில் வேலை உறுதியாக வேண்டும், அதை வைத்து இங்கிருந்தே அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். போனதும் தேவைப்படுவது 'கென்னிதாலா' என்ற 10 இலக்க அடையாள எண், முதல் ஆறு இலக்கம் உங்கள் பிறந்த தேதி. அது இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பதே சிரமம். டிசம்பரில் ரெய்க்யவிக்கில் பகல் நான்கு மணி நேரம்தான், சூரியன் எழவே 11 மணி தாண்டிவிடும். அந்த ஊர்க்காரர்கள் காலையில் ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடிப்பது வைட்டமின் டி-க்காகத்தான். சைவம் என்றால் முதல் குளிர்காலம் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டு மாத்திரைக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.