வாசகர் கேள்வி – பதில்: நம்மை யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: தார்சாவில் (முன்தாழ்வாரம்) ஒன்று, பட்டாசலில் (உள்கூடம்) ஒன்று, புறவாசலில் ஒன்று என மூன்று கேமரா வைத்திருக்கிறோம். துபாயில் இருக்கும் மகன் போனில் பார்த்துக்கொள்வான். மாட்டிக்கொடுத்த பையன் போன வாரம் கடைத்தெருவில், "மருமக வந்திருக்காக போலயே அம்மா" என்றான். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஊரில் யாராவது சொல்லியும் தெரிந்திருக்கலாம். ஆனாலும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள் அம்மா. கேமரா மாட்டுகிறவர்கள் சிலர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டிவிஆரை (கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) தங்கள் மொபைல் நம்பரில் உள்ள கணக்கிலேயே சேர்த்துவிட்டு, வீட்டுக்காரருக்கு அதிலிருந்து 'ஷேர்' மட்டும் கொடுத்துவிடுவார்கள். பெட்டிக்குக் காசு கொடுத்தது நீங்கள். ஆப்பில் உரிமையாளர் அவர்.

மகனிடம் ஆப்பைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் டிவிஆரின் பெயருக்குப் பக்கத்தில் 'இன்னாரிடமிருந்து பகிரப்பட்டது' என்று இருந்தால் விஷயம் அதுதான். டிவிஆர் பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சில ஆப்களில் கணக்கு வழியாகப் பார்ப்பது அதனால் நிற்பதில்லை. மாட்டியவரை வரச்சொல்லி, உங்கள் கண் முன்னால் அவர் போனிலிருந்து டிவைஸை நீக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் போனில் புதிதாகச் சேர்த்து, அதிலிருந்து மகனுக்கு ஷேர் கொடுங்கள்.

டிவிஆரைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். ஒரு ஸ்டிக்கரில் க்யூஆர் கோடும் சீரியல் நம்பரும், சில கம்பெனிகளில் ஆறெழுத்துக் குறியீடும் இருக்கும். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது வீட்டுச் சாவியைப் படம் பிடித்து அனுப்புகிற மாதிரி. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அந்தக் குறியீட்டையும் மெனுவில் மாற்றிவிடுங்கள்.

அதே மெனுவில் 'யூசர்' பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். அட்மின் பாஸ்வேர்டு 12 எழுத்துக்குக் குறையக் கூடாது. வீட்டுப் பெயரும் போன் நம்பரும் வேண்டாம். கடைசியாக ரவுட்டரில் யூபிஎன்பியை (கருவிகள் தாமாகவே இணையத்துக்கு வாசல் திறந்துகொள்ளும் வசதி) அணைத்து, போர்ட் ஃபார்வர்டிங்கில் (வெளியிலிருந்து வருவதை நேரே ஒரு கருவிக்கு அனுப்பும் பட்டியல்) 80, 554, 8000 என்று வரிகள் இருந்தால் அழித்துவிடுங்கள். இப்படித் திறந்து கிடக்கும் வாசல்களைத் தேடுவதற்கென்றே இரவும் பகலும் புரோகிராம்கள் ஓடுகின்றன. 2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. குஜராத் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தது 2025-ல் தெரியவந்ததே, அங்கேயும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுதான் வழிவிட்டது என்று செய்திகள் வந்தன.

இத்தனையும் செய்த பிறகும் பட்டாசல் கேமராவைக் கழற்றிவிடுவதுதான் சரி. பெண்கள் படுத்து எழும்புகிற இடம் அது. கள்ளனைப் பிடிக்க தார்சாவும் புறவாசலும் போதும். தார்சா கேமராவில் எதிர்வீட்டு வாசல் விழுந்தால் 'பிரைவசி மாஸ்க்' போட்டு அந்தப் பகுதியை மறையுங்கள். பதிவிலும் அது கறுப்பாகவே இருக்கும்.

கேள்வி: சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போகிறோம். லாட்ஜ் அறையில் ரகசிய கேமரா இருக்கிறதா என்று பார்க்க ஆப் ஏதாவது உண்டா?
– வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: ஆப்பை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் வைஃபையில் இருக்கும் கருவிகளைத்தான் தேடும். மெமரி கார்டில் பதிவு செய்கிற கேமரா அதில் சிக்காது.

முதலில் பிளக்கில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். சின்ன கேமராவின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். நாள்கணக்கில் ஓட வேண்டுமென்றால் கரண்ட் வேண்டும். கட்டிலையோ குளியலறையையோ பார்த்தபடி இருக்கும் சார்ஜர், கடிகாரம், செட்டாப் பாக்ஸ், புகை அலாரம் எல்லாவற்றையும் கவனியுங்கள். நமக்குத் தேவையில்லாததைப் பிடுங்கி வைத்துவிடலாம்.

அடுத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணை ஒட்டிப் பிடித்துச் சுவரில் மெதுவாக ஓட்டுங்கள். லென்ஸ் இருந்தால் மின்மினி மாதிரி ஒரு புள்ளி திரும்ப மின்னும். ஆணித் தலையும் மின்னும் என்பதால், இரண்டு அடி நகர்ந்து இன்னொரு கோணத்திலும் பாருங்கள். இருட்டில் படம் பிடிக்கும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு போனின் முன்பக்கக் கேமராவில் ஊதாவாகத் தெரியும். டிவி ரிமோட்டை அமுக்கி, உங்கள் போனில் அந்த ஒளி தெரிகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி, பின்னாலிருந்து நம்மைப் பார்க்கக்கூடிய வகையா என்று நகத்தை வைத்துப் பார்க்கும் சோதனை நம்பகமில்லை. அறையை இருட்டாக்கி டார்ச்சைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடியுங்கள். அப்படிப்பட்ட கண்ணாடியாக இருந்து, பின்னால் காலி இடம் இருந்தால் தெரியும்.

கண்டுபிடித்துவிட்டால் கையால் தொடாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டு, வெளியே வந்து 112-ஐ அழையுங்கள். கார்டை உருவினால் கைரேகை கெடும். நீங்களே வைத்தீர்கள் என்று வாதாடவும் இடம் கிடைக்கும்.

கேள்வி: முன்பின் தெரியாத பெண்ணோடு வீடியோ காலில் பேசினேன். அதைப் பதிவு செய்து, பணம் கேட்டு மிரட்டுகிறார்கள்.
– மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. கொடுத்தால் தருகிறவன் என்று தெரிந்து இன்னும் கேட்பார்கள். நீ பார்த்தது பெரும்பாலும் முன்பே எடுத்த வீடியோ. எதிரில் இருப்பது ஒரு கும்பல். சாட்டை அழிக்காமல் அவர்களின் நம்பர், யூபிஐ ஐடி, புரொஃபைல் லிங்க் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு. உன் இன்ஸ்டாகிராம் நண்பர் பட்டியலை மறை. பணம் ஏற்கெனவே போயிருந்தால் இப்போதே 1930-க்குப் போன் செய்; புகாரை தேசிய சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய். 18 வயது முடிந்திருந்தால், அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' தளம் உதவும். படம் உன் போனைவிட்டுப் போகாமல், அதன் எண்முத்திரை (படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டும் போகும். வீட்டில் ஒருவரிடமாவது இன்று இரவே சொல். இது உன் மானம் போகிற விஷயமில்லை, அவர்கள் செய்த குற்றம்.

கேள்வி: பாபநாசம் படித்துறையில் குளிக்கும் பெண்களை ஒருவன் வீடியோ எடுத்தான். பொது இடம்தானே என்கிறான்.
– வாசகி, விக்கிரமசிங்கபுரம்

பதில்: பொது இடம் என்பதால் மட்டும் தப்ப முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஆடையில்லாமலோ உள்ளாடையோடு மட்டுமோ இருக்கும் அந்தரங்க உறுப்புகளை, அந்தரங்கத்தை மீறும் விதத்தில் சம்மதமில்லாமல் படமெடுப்பதைக் குற்றமாக்குகிறது. இடம் பொதுவோ தனியோ என்று அது பார்ப்பதில்லை. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடை மாற்றும் அறைக்குள் எடுத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 77-வது பிரிவும் வரும். முதல் தடவைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை.

"அழிச்சுட்டேன் அக்கா" என்று போனைக் காட்டினால் விட்டுவிடாதீர்கள். அழித்த வீடியோ பல போன்களில் முப்பது நாள் வரை குப்பைக்கூடையில் கிடக்கும், கிளவுடுக்கும் போயிருக்கலாம். நீங்களே அழிக்க வைத்தால் சாட்சியும் போய்விடும். ஆட்களைக் கூட்டி அவனை நிறுத்திவைத்து, போனைப் போலீசிடம் அப்படியே ஒப்படையுங்கள்.