ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் குழு: டீச்சரே நடத்தலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 8 முதல் 10ஆம் வகுப்பு வரை ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஐந்து பேர். நான்கு பையன்கள், ஒரு பெண். எல்லோரும் பேசுவார்கள், ஆனால் யாரோடும் சேர மாட்டார்கள். வேலூரிலிருந்து ஒரு மையத்தார் வந்து, 12 வாரத்தில் 'சோஷியல் ஸ்கில்ஸ்', அதாவது மற்றவர்களோடு பழகும் திறன், சொல்லித் தருகிறோம், தலைக்கு 9,000 ரூபாய் என்கிறார்கள். நானே நடத்தினால் தப்பாகிவிடுமோ என்று பயம்.

பதில்: நீங்களே நடத்துங்கள் டீச்சர். பயப்பட வேண்டியது அந்த 9,000 ரூபாய்க்குத்தான். உங்கள் ஊரில் கைலி நெய்தும் பீடி சுற்றியும் பிழைக்கிற வீட்டில் அது எத்தனை நாள் கூலி என்று உங்களுக்கே தெரியும்.

இந்த 'பேக்கேஜ்' ஆட்களை ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர் என்று இந்தப் பக்கம் நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு பள்ளியில் 12 வாரம் முடிந்து, கோட்டு போட்ட ஒருவர் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்துப் போட்டோவும் எடுத்தார்கள். அதில் ஒரு பையன் அடுத்த மாதம் என்னிடம் வந்தான். கதவைத் திறந்ததும் கையை நீட்டி, கண்ணை அகல விரித்து என் முகத்தைப் பார்த்து, 'குட் மார்னிங், ஹவ் ஆர் யூ' என்றான். மணி மாலை ஐந்து. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களிடமும் இதையேதான் செய்கிறானாம். ஒருவர் அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார். சொல்லும்போது அவன் அம்மா அழுதுவிட்டார். அந்த வகுப்பு கொடுத்தது அவ்வளவுதான்.

சிறப்புக் கல்வியாளர், மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் ஆர்.சி.ஐ. எனப்படும் மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அது 1992ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். 'எங்க மேடம்கிட்ட இருக்கு, அப்புறம் அனுப்புறோம்' என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். இவர்களோடு ஒட்டிக்கொண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யூ.டி.ஐ.டி. அடையாள அட்டை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் புரோக்கரும் வருவார். அந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது. பெற்றோரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

இனி உங்கள் குழு. வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே அறை, 40 நிமிடம் போதும். சத்துணவுக் கூடத்தை ஒட்டிய அறை வேண்டாம். தட்டுச் சத்தமும் சாம்பார் வாசனையும் நமக்குப் பழகிவிட்டது, அந்தப் பிள்ளைகளுக்குத் தலைக்குள் இடிக்கும். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். அன்றைக்கு என்னென்ன செய்யப்போகிறோம் என்று கரும்பலகையில் எழுதி, முடிக்க முடிக்க ஒவ்வொன்றாக அழியுங்கள். ஆளுக்கொரு சிவப்பு அட்டை கொடுங்கள். அதைக் காட்டினால் காரணம் கேட்காமல் வெளியே போய் உட்கார விடவேண்டும்.

'எப்படிப் பழகணும்' என்று பாடம் எடுக்காதீர்கள். சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்குக் காட்பாடி ஜங்ஷனில் நிற்கும் வண்டிகள் அத்தனையும் நேரத்தோடு மனப்பாடம். அவன் சொல்ல ஒருவன் எழுத, இன்னொருவன் கோடு போட, மூன்று வாரத்தில் ஒரு சார்ட் தயாரானது. 'கொஞ்சம் மெதுவா சொல்லு' என்று கேட்கவும், கேட்டதும் நிறுத்தவும் அந்தச் சார்ட்டில்தான் கற்றார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். பார்க்காமலும் காது கேட்கும். ஆட்டிசம் இல்லாத, பொறுமையுள்ள இரண்டு பிள்ளைகளையும் சேருங்கள். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் மற்றப் பிள்ளைகளும் கற்க வேண்டும்.

கேலி செய்தால் 'கண்டுக்காம விடு' என்று சொல்லாதீர்கள், அது பலிப்பதில்லை. 'சரி, அதுக்கென்ன இப்போ?' என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகப் பழக்குங்கள். அடி, மிரட்டல் என்றால் நேராக உங்களிடம் வரவேண்டும். அந்தந்த வாரம் செய்ததைப் பெற்றோருக்கு வாட்ஸாப்பில் இரண்டு வரி அனுப்புங்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான பியர்ஸ் என்ற பழகும் திறன் பயிற்சித் திட்டத்தில்கூட பிள்ளைகளுக்கு நடக்கும்போதே பெற்றோருக்கும் தனியாக வகுப்பு உண்டு. வீட்டில் தொடராதது நிலைக்காது.

அந்தப் பெண் பிள்ளையை மட்டும் இந்தக் குழுவில் சேர்க்காதீர்கள். நான்கு பையன்களுக்கு நடுவே அவள் வாயே திறக்க மாட்டாள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைகள் பலர் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே நடிக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். பள்ளியில் 'நல்ல பொண்ணு, அமைதி' என்று பேர் வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழும். அவளுக்கு இன்னும் நடிக்கச் சொல்லித் தருவது கொடுமை. அவளுக்குப் பிடித்த ஒன்றை, கோலமோ நாய்க்குட்டியோ எதுவானாலும், விரும்புகிற இரண்டு தோழிகளோடு மதிய இடைவேளையில் தனியாக உட்கார வையுங்கள். மாதவிடாய், பஸ்ஸில் யாராவது தொட்டால் என்ன செய்வது, இதையெல்லாம் நீங்களே ஒளிவுமறைவில்லாமல் பேசுங்கள். 'தப்பா நடந்தா சொல்லு' என்றால் அவளுக்குப் புரியாது. எந்த இடத்தில் தொட்டால் தப்பு என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். அவள் அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருக்கும் சிறப்பாசிரியரைக் கட்டாயம் அழையுங்கள். ஒப்பந்தச் சம்பளத்தில் அவர் எத்தனை பள்ளிகளுக்குத்தான் ஓடுவார்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசத்தைச் சேர்த்தார்கள், அரசு உதவி பெறும் பள்ளிகளும் இவர்களைச் சேர்த்துப் படிக்க வைக்கவேண்டும் என்றார்கள். ஆட்களைப் போட மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. அந்த ஓட்டைக்குள்தான் 9,000 ரூபாய்க்காரர்கள் நுழைகிறார்கள். சிறப்பாசிரியர் மாதம் ஒருமுறை வந்தாலும் சரி, உங்கள் குறிப்பு நோட்டைக் காட்டி யோசனை கேளுங்கள். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதியும் பெற்றோரின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே இரண்டு பையன்களோடு ஆரம்பியுங்கள். மற்ற இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தானாக வருவார்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள்.