பட்டறையில் கரண்ட் அடித்துக் கை பொசுங்கினால் என்ன மருந்து போடலாம்?

நீங்கள் ஏதோ ஒரு லேத் பட்டறையிலோ வெல்டிங் கடையிலோ வேலை செய்பவராக இருக்க வேண்டும். மருந்து என்ற நினைப்பையே முதலில் விடுங்கள். நான் மருத்துவர் அல்லன், லைசென்ஸ் உள்ள வயர்மேன். கண்ணால் பார்த்ததையும் அன்று டாக்டர் சொன்னதையும்தான் எழுதுகிறேன்.

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருந்தபோது, மழைநாளில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஹேண்ட் கிரைண்டரைப் பிடித்தான் ஒரு பையன். கேபிள் நைந்த இடத்தில் டேப் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 230 வோல்ட் ஏறியதும் விரல்கள் இறுகிக்கொண்டன. அவனால் விட முடியவில்லை. இழுக்கப் பாய்ந்தவர்களை "தொடாதே!" என்று கத்தி நிறுத்திவிட்டு மெயினை இறக்கினேன். மெயின் தூரத்தில் இருந்தால் காய்ந்த கட்டையாலோ பிவிசி குழாயாலோ தள்ளிவிடலாம். 11,000 வோல்ட் லைனில் அந்த வேலை ஆகாது. லைனை நிறுத்தும்வரை கிட்டே போகவே கூடாது.

பையனுக்கு நினைவு இருந்தது. மூச்சு நின்றிருந்தால் 108க்குச் சொல்லிவிட்டு, நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டியிருந்திருக்கும். புண்ணெல்லாம் அப்புறம்தான்.

உள்ளங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வெளுத்துக் குழிந்து, ஓரம் கருகியிருந்தது. ஃபோர்மேன் பற்பசையோடு ஓடிவந்தார், தடுத்துவிட்டேன். வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டச் செய்து, சுத்தமான துணியால் மூடினேன். காலைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலில் இன்னொரு புண். கரண்ட் கையில் ஏறிக் கால்வழியே இறங்கியிருக்கிறது. நடுவில் இருப்பது நெஞ்சு அல்லவா!

"சின்னக் காயம்தானே, டீ குடித்துவிட்டு உட்காரட்டும்" என்றார் முதலாளி. நான் விடவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஈசிஜியில் துடிப்பு சீராக இல்லை என்று இரவு முழுவதும் வைத்துக்கொண்டார்கள். உள்ளே தசை வெந்திருந்தால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், சிறுநீரகம் கெடும் என்று டாக்டர் எச்சரித்தார். வெளிக்காயத்தை வைத்து உள்காயத்தை அளக்க முடியாது.

'ஷாக் அடித்ததற்கெல்லாம் ஆஸ்பத்திரியா' என்று வாதாட வருபவர்களுக்கு: சுரீரென்று தொட்டு விட்டதை நான் சொல்லவில்லை. புண் இருந்தால், நெஞ்சு படபடத்தால், மயக்கம் வந்திருந்தால், கரண்ட் பிடித்து வைத்திருந்தால் கட்டாயம் போக வேண்டும்.

கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று இருந்திருந்தால், கரண்ட் அவனை இழுத்த நொடியிலேயே டிரிப் ஆகியிருக்கும். அதை வாங்கச் சொல்லி அதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். பணம் இல்லை என்றார்கள். அதே வாரம் ஆபீஸ் அறைக்குப் புது ஏசி வந்தது. பையன் காண்ட்ராக்ட் ஆள் என்று அவனுக்கு இ.எஸ்.ஐ. பதிவே செய்யவில்லை. அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்ததற்கு என் சம்பளத்தில் அரைநாள் பிடித்தார்கள். கேட்டும் இன்றுவரை தரவில்லை.