உங்கள் எஞ்சின் போட் எந்தத் துறையில் நிற்கட்டும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: படகு வாங்கியாயிற்று, எங்கே கட்டுவது? முப்பது வருடமாகப் படகு எஞ்சின் திருத்துகிறேன். அதில் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறை தேடும்போது எல்லோரும் ஜெட்டியைப் பார்க்கிறார்கள், வீடு எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்கள். நான் முதலில் ஆற்றுவாயைப் பார்ப்பேன். உள்ளே படகு தொட்டில் மாதிரி நின்றாலும், கடலுக்குப் போய்வரும் வாய் சரியில்லாவிட்டால் அந்த இடத்தைத் துறை என்று எடுக்க முடியாது. நம் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் அந்த வாய் சித்திரையில் ஒரு மாதிரி இருக்கும், கார்த்திகையில் இன்னொரு மாதிரி இருக்கும்.

நாவலடியிலிருந்து ஒரு தம்பி: “18 அடி ஃபைபர் போட், 15 குதிரைவலு எஞ்சின். கடற்கரை மணலில் ஏற்றி வைப்பதா, வாவிப் பக்கம் கட்டுவதா?”

நாவலடியில் வீடு என்றால் உங்களுக்குக் கடலும் வாவியும் கூப்பிடு தூரம்தான். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, காலம் பார்த்து மாற்றுங்கள்.

சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடற்கரைதான் நல்லது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை படுத்திருக்கும். மணலில் ஏற்றிய படகின் அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வளரும் ஓடுள்ள சின்னக் கடலுயிர்) பிடிக்காது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தைச் சுற்றிப் போகும் எரிபொருளும் மிச்சம். வெயில் காலத்தில் பாலமீன்மடுப் பக்கம் வாயில் மணல் திட்டுப் போட்டு ஒடுங்கிவிடும், சில வருடங்களில் மூடியே போகும். அந்த நேரம் வாவிக்குள் கட்டிய படகு கடல் படகே இல்லை.

கச்சானில் ஓர் ஆபத்து இருக்கிறது. எஞ்சின் நின்றால் அந்தக் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, வெளியே தள்ளிக்கொண்டு போகும். கடல் குளம் மாதிரி இருக்கிறதே என்று துடுப்புக்கூட இல்லாமல் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். துடுப்பும் நங்கூரமும் தண்ணீரும் எப்போதும் படகில் இருக்கட்டும். எரிபொருளை மூன்று பங்காகப் பிரியுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, தொடாமல் வைக்க ஒன்று.

ஐப்பசி பிறந்ததும் படகை வாவிக்கு மாற்றிவிடுங்கள். வடகிழக்கு வாடைக்காற்று பிடித்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வாவியிலும் கல்லடிப் பாலத்துக்கு வடக்கே, முகத்துவாரப் பக்கம் கட்டுவதுதான் உங்களுக்கு வசதி. மிதக்கும் ஆற்றுவாழைச் செடி ஒதுங்காத இடமாகவும் வலை கட்டுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகவும் பாருங்கள். நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது விடவேண்டும், காற்று நாளில் ஏழு மடங்கு. இரவில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிறு பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வாவியில் முதலை உண்டு.

இனி வாய். மாரியில் வயல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஏறி முகத்துவாரம் வெட்டப்பட்டதும் செந்நிறமாக ஒரு நீரோட்டம் கடலுக்குள் பாயும். அது வெளியிலிருந்து வரும் அலையோடு முட்டும்போது அலை நிமிர்ந்து நின்று உடையும். வெள்ளம் பாயும் நாளில் வாய்க்கே போகக்கூடாது. மற்ற நாளில் வற்று ஓட்டத்தைத் தவிர்த்து, நீரேற்றம் உள்ளே வரும்போதோ ஓட்டம் நின்ற நேரத்திலோ கடக்கவேண்டும். முதலில் பத்து நிமிடமாவது நின்று எந்தப் பக்கம் உடைகிறது என்று பாருங்கள். 1913இல் கட்டிய வெளிச்சவீடு உங்களுக்கு நல்ல அடையாளம், ஆனால் திட்டு வருடா வருடம் இடம் மாறும். போன வருடக் கணிப்பை நம்ப வேண்டாம். உள்ளே வரும்போது ஓர் அலையின் முதுகில் ஏறி, அதை முந்தாமல், பின்னால் வரும் அலை பிடிக்கவும் விடாமல் வாருங்கள்.

நான் ஒருமுறை திருத்திய எஞ்சினைச் சோதிக்கப் போய், எரிபொருள் குழாய் கழன்று வாயின் நடுவிலேயே நின்றேன். நங்கூரம் இருந்தது. ஆனால் கயிறு சிக்கலாகிப் பெட்டிக்குள் கிடந்தது. சிக்கலை எடுப்பதற்குள் படகு திட்டில் ஏறிச் சரிந்தது. கூட வந்தவரும் நானும் நீந்திக் கரையேறினோம், எஞ்சின் மணல் குடித்துவிட்டது. அன்றிலிருந்து நங்கூரத்தை அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) எடுத்து வைத்து, கயிற்றைச் சுருட்டிப் பார்த்த பிறகுதான் வாய்க்குப் போகிறேன்.

கல்முனையிலிருந்து ஒரு சகோதரர்: “மூன்று பேர் சேர்ந்து பலநாள் படகு வாங்கப் போகிறோம். ஒலுவிலா, வாழைச்சேனையா?”

கல்முனை, சாய்ந்தமருதுக் கரை திறந்த கரை. சின்னப் படகைத் தள்ளி ஏற்றலாம், பலநாள் படகை ஏற்ற முடியாது. ஆகவே உங்கள் கேள்வி சரியான கேள்வி.

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்தபோது அம்பாறைக் கரை மீனவர்கள் எவ்வளவு ஆசையோடு பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிறது, சுவர் இருக்கிறது, இடமும் இருக்கிறது. ஆனால் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும் மணலுக்குக் குறுக்கே அலைதடுப்புச் சுவர் போட்டால் மணல் எங்காவது சேரத்தான் செய்யும். இங்கே அது துறைமுக வாயில் சேர்ந்தது; மறுபக்கம் ஒலுவில் கரையைக் கடல் தின்றது. தோண்டினால் திறக்கும், மறுபடி மூடும். தொடர்ந்து தோண்டும் ஏற்பாடு இல்லாத துறையை நம்பிப் பலநாள் படகுக்குக் கடன் எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

வாழைச்சேனைத் துறைமுகம் அங்குள்ள வாவிக்குள் இருக்கிறது. வாடைக்கு நல்ல ஒதுக்கு. ஐஸ், டீசல், திருத்தவேலை எல்லாம் பலநாள் படகுக்கு என்றே பழகிய இடம். கல்முனையிலிருந்து தரைவழியாக ஏறத்தாழ 70 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கும் ஒரு செலவு உண்டு: ஆட்கள் வந்துபோகும் செலவு, படகு நிற்கும் நாளில் காவலுக்கு ஒருவர், மீன் ஏற்றும் லொறி. இதையெல்லாம் மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். என் முடிவு: வாழைச்சேனையைத் தாய்த்துறையாக வையுங்கள். ஒலுவில் வாய் திறந்திருக்கும் நல்ல மாதங்களில் மீன் இறக்க அங்கே போகலாம்.

எந்தத் துறையானாலும் ஆழத்தை நீங்களே அளந்து பாருங்கள். வெறும் படகு எவ்வளவு அமிழ்கிறது என்று கேட்காதீர்கள். ஐஸ், டீசல், குடிதண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு எவ்வளவு அமிழ்கிறது என்று கேளுங்கள். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான், அதை நம்பி மணலைத் தாண்ட முடியாது. அதோடு ஒரு மீற்றர் அலை அடித்தால் அலைப்பள்ளத்தில் படகு அரை மீற்றர் கீழே இறங்கும். அடி தட்டுவது அப்போதுதான். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி, வற்று நேரத்தில் வாய் முழுக்க அளக்க ஒரு காலை போதும். இலட்சக்கணக்கில் போடும் பணத்துக்கு ஒரு காலை பெரிதில்லை.

வாடை கடுமையாகி இரண்டு வாயும் கடக்க முடியாத நாளில் வாசலில் நின்று முயற்சி செய்யாமல் திருகோணமலைக்கே போய்விடச் சொல்லுங்கள் ஓட்டியிடம். இயற்கையான ஆழத் துறைமுகம் அது, மீன்பிடிப் படகுக்குக் கொட்பே (Cod Bay) துறைமுகம் இருக்கிறது. அதற்கு வேண்டிய டீசலைப் பயணக் கணக்கில் முன்பே சேர்த்து வையுங்கள்.

கனடாவிலிருந்து ஒருவர்: “ஓய்வுக்கு ஊர் வருகிறேன். கபின் வைத்த சிறிய மோட்டார் படகு வாங்க ஆசை. மரீனா உண்டா?”

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மரீனா (உல்லாசப் படகுத் துறை) இல்லை ஐயா. ட்ரெய்லரில் ஏற்றி வீட்டு வளவில் நிறுத்தக்கூடிய படகாகப் பாருங்கள். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், பார்க்கக் கடல் மாதிரி. ஆனால் பல இடத்தில் ஆள் ஆழம் கிடையாது. அதனால் அடியில் சுழலி நிலையாக இருக்கும் எஞ்சின் வேண்டாம், தூக்கி மடக்கும் வெளி எஞ்சின்தான் சரி. கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே வைப்பதானால் கபினின் உயரத்தை மாரி வெள்ள மட்டத்தில் பாலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்குடாவிலிருந்து: “பாசிக்குடாவில் பயணிகள் படகு ஓட்டுகிறேன். அங்கேயே இரவில் விடலாமா?”

வெயில் காலத்தில் விடலாம், மாரியில் வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன். பவளப்பாறையில் நங்கூரம் போடாதீர்கள். காயன்கேணிப் பக்கம் போனால் இன்னும் கவனம், அது 2019இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். ஒரு நங்கூரம் ஒரு நிமிடத்தில் உடைப்பது வளரப் பல வருடம் எடுக்கும். பயணிகள் வருவதே அதைப் பார்க்கத்தானே.

பொத்துவிலிலிருந்து: “அறுகம்குடாவில் வருடம் முழுக்கப் படகு வைக்கமுடியுமா?”

முடியாது. சித்திரை முதல் புரட்டாதி வரை தெற்கிலிருந்து வரும் அலையை முனை தடுக்கும், அதனால்தான் அந்த மூலையில் படகுகள் மணலில் வரிசையாக நிற்கின்றன. வாடை வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் குடா திறந்தே கிடக்கிறது. கார்த்திகைக்கு முன் மேலே, புல் முளைத்த மட்டத்துக்கு ஏற்றிவிட்டு எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஏறாவூரிலிருந்து: “தண்ணீரிலேயே நிற்கும் படகில் கொட்டலசு. மருந்து என்ன?”

மாரியில் வாவி நன்னீராகும்போது கடல் கொட்டலசு தானாகச் செத்துவிடும், அப்போது சுரண்டுவது சுலபம். வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை கரையேற்றுங்கள். எஞ்சினைத் தூக்கியே வையுங்கள், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் நிறுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடட்டும், மறுநாள் காலை மல்லுக்கட்ட வேண்டி வராது.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி: “இவர் தனியாகத்தான் கடலுக்குப் போகிறார். வீட்டுக்கு நேர் எதிரே இறக்குகிறார், அங்கே வேறு படகே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.”

உங்கள் பயம் நியாயமானது. வீட்டுக்கு நேர் எதிரே என்பது துறைக்கு ஒரு தகுதியே இல்லை. இருபது படகு இறங்கும் இடம் அரை மைல் தள்ளி இருந்தாலும் அங்கேயே இறக்கச் சொல்லுங்கள். கரையில் மீனவர் தங்கும் வாடியில் யாராவது இருப்பார்கள், எந்தப் படகு இன்னும் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். புறப்படும் முன் எந்தப் பக்கம் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணித்தியாலம் ஆனால் வாடிக்குப் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் பக்கத்துப் படகுகளுக்கு அழைத்தும் தகவல் இல்லை என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள், கூச்சப்பட வேண்டாம். உயிர்காப்பு அங்கியைப் படகின் அடியில் திணிக்காமல் உடம்பில் போட்டுக்கொண்டு போகட்டும். கைத்தொலைபேசியை மூடி இறுகும் பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, போத்தலை அங்கியோடு கட்டிவிடுங்கள்.