மருத்துவப் பையோடு நாடாளுமன்றம் போனவர்

டாக்டராக இருந்து அரசியலுக்கு வந்தவர்களில் உங்கள் மனதில் நின்றவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு சார்லஸ் டப்பர். கனடாவின் ஆறாவது பிரதமர். 1896இல் 74 வயதில் அந்த நாற்காலிக்கு வந்து பத்து வாரம்கூட இருக்கவில்லை. அதனால் அவரை மறந்துவிட்டார்கள். எனக்கு முக்கியம் அதற்கு முந்தைய கதைதான்.

கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஆம்ஹர்ஸ்ட் என்ற சின்ன ஊரில், பாப்டிஸ்ட் போதகரின் மகன். 1843இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் வாங்கியவர், ஊருக்கே திரும்பி வைத்தியம் பார்த்தார். கூடவே ஒரு மருந்துக்கடை. அந்தக் காலத்தில் நோயாளியைத் தேடி டாக்டர்தான் போக வேண்டும். குதிரையில், பனி விழுந்தால் சறுக்குவண்டியில். ஒரு ஜனவரியில் அந்தப் பக்கம் காரில் போனேன். சதுப்பு நிலத்தின் மேல் தடுக்க ஒரு மரமில்லாமல் வீசும் காற்று, கதவைத் திறந்த நொடியில் விரல்களை மரக்கச் செய்துவிட்டது. அந்தக் குளிரில் ராத்திரி பிரசவத்துக்குக் கிளம்பிப் போன மனிதரை நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷம் இப்படி வீடு வீடாகப் போனவர், 1855 தேர்தலில் ஜோசப் ஹோவை எதிர்த்து நின்றார். மாகாணத்திலேயே பெரிய பேச்சாளர் ஹோ. ஆனாலும் டாக்டர் ஜெயித்தார். டப்பரும் நன்றாகப் பேசுவார்தான், ஆனால் அந்த ஓட்டுகளைக் கொண்டுவந்தது அவர் மிதித்த வாசற்படிகள் என்றே நான் நம்புகிறேன்.

1864இல் மாகாணப் பிரதமரானதும் இலவசப் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தார். அதற்காக அடுத்த வருஷம் கட்டாய வரியும் போட்டார். மக்கள் கொதித்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. இதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஆனால் அதே பிடிவாதம் இன்னொரு இடத்தில் தப்பாகப் போனது. பிரிட்டிஷ் காலனிகள் ஒன்றாகி உருவான கனடா கூட்டமைப்பில் சேருவதா வேண்டாமா என்று தன் மக்களிடம் அவர் ஓட்டுக் கேட்கவே இல்லை. பக்கத்து நியூ பிரன்ஸ்விக்கில் 1865இல் அதைக் கேட்டுப்போன அரசு தோற்றதைப் பார்த்திருந்தார். நோயாளியிடம் கேட்காமல் கத்தி வைப்பது மாதிரிதான் இது. 1867 கனடா நாடாளுமன்றத் தேர்தலில் மாகாணத்தின் 19 இடங்களில் 18 கூட்டமைப்பை எதிர்த்தவர்களுக்குப் போனது. அவர் கட்சியில் ஜெயித்தது அவர் ஒருவர்தான்.

அதே வருஷம் கனடிய மருத்துவச் சங்கம் தொடங்கியது. முதல் தலைவராக டாக்டர்கள் தேர்ந்தெடுத்ததும் அவரைத்தான்.

அப்புறம் 1869 டிசம்பர். மேற்கே ரெட் ரிவர் குடியேற்றத்தில், கனடா அந்த நிலத்தை எடுத்துக்கொள்வதை எதிர்த்து லூயி ரியேலின் கிளர்ச்சி. டப்பரின் மகள் எம்மா கணவனோடு அங்கே மாட்டிக்கொண்டாள். 48 வயது அப்பா கொட்டும் பனியில் சறுக்குவண்டியில் போய், ரியேலையே நேரில் பார்த்துப் பேசி, மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

தலைநகர் ஆட்டவாவில், நாடாளுமன்றத்தில் அவர் இருக்கைக்குக் கீழே மருத்துவப் பை எப்போதும் இருக்கும் என்று சொல்வார்கள். விவாதத்தின் நடுவே யாருக்காவது முடியாமல் போனால், எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்காமல் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு.